போம் சுல்தானே... வர வேண்டாம்!

தெருமுனையில் யாராவது இறந்துபோனால் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் ஒட்டுவது நம் ஊர் வழக்கம். சுமார் 680 வருஷம் தாமதமாக, நாமும் ஒன்று ஒட்டுவோமா? மறைந்தவர், மதுரை சுல்தான் கியாசுதீன் தம்கானி.

முதலில் வீரம்! திருவண்ணாமலையைத் தலைநகராக்கி ஆண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளன், சமயபுரம் பக்கத்துக் கண்ணனூரை முற்றுகையிட்டிருந்தார். வயது 80. கோட்டைக்குள் சாப்பாடு தீரும் நிலை. சமாதானம் பேச அவகாசம் கொடுத்தார் பெரியவர். அந்த அவகாசத்தில்தான் சுல்தான் பாய்ந்தார். உச்சி வேளை... குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்க, வீரர்கள் குட்டித் தூக்கத்தில்! வந்தது படை என்றே அவர்களுக்குப் புரியவில்லை, ஏதோ திருடர் கூட்டம் என்று நினைத்தார்களாம். வல்லாளன் பிடிபட்டார்.

அடுத்து விருந்தோம்பல்! 'விட்டுவிடுகிறேன்' என்று நைச்சியமாகப் பேசி, யானை, குதிரை, பொன் எல்லாவற்றையும் கறந்தபிறகு, கிழவரைக் கொன்று தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார் (1342). அதை நேரில் பார்த்து எழுதியவர் யார் தெரியுமா? இபின் பதூதா. உலகம் சுற்றிய மொராக்கோக்காரர் என்பது நமக்குத் தெரியும். சுல்தானின் சகலை என்பது தெரியுமோ? இருவரும் அக்கா, தங்கையைக் கட்டியவர்கள்!

அந்தச் சகலைக்கே பொறுக்கவில்லை. காட்டில் பிடிபட்ட ஜனங்கள் கழுமரத்தைத் தங்கள் தோளிலேயே சுமந்து வர வேண்டும். மறுநாள் காலை அதிலேயே ஏற்றப்படுவார்கள். பெண்டாட்டி, கைக்குழந்தைகளைக்கூட விடவில்லை. ஒருநாள் சுல்தான் ஏதோ சொல்ல, ஒரு கைதியின் கதி என்னவாகப் போகிறது என்று புரிந்த பதூதா எழுந்துவிட்டார். 'எங்கே கிளம்பிவிட்டீர்?' 'தொழுகைக்கு.' சுல்தான் சிரித்தாராம். இவரை ஆண்டவன் சீக்கிரம் அழைத்துக்கொண்டதற்கு இந்தக் கொடுமைகளே காரணம் என்று எழுதிவைத்தார் பதூதா. ஆகவே, இதை மதச் சண்டையாக்க நினைப்பவர்கள் தயவுசெய்து ஒதுங்கி நிற்கவும்.

சரி, எப்படிப் போய்ச் சேர்ந்தார்? மதுரையில் கொள்ளைநோய். தாய், மகன் இருவரையும் அது கொண்டுபோனது. சுல்தானோ அதற்கு முன்பே ஒரு யோகியிடம் 'வாலிப மாத்திரை' வாங்கி விழுங்கியிருந்தார். அதில் இரும்புத்தூள்! எத்தனையோ பேரை இரும்பால் முடித்தவருக்கு வயிற்றுக்குள்ளேயே இரும்பு. அதில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. வாரிசாக வந்த சகோதரர் மகன் நசிருதீன், செத்தவரின் மகளுடைய புருஷனைக் கொன்றுவிட்டு அவளையே கட்டிக்கொண்டார். குடும்பப் பாசம்!

யாரை வழியனுப்பினாலும் 'போய் வாருங்கள்' என்போம். இவருக்கு 'போம்' மட்டும் போதும்.

வல்லாளன் கதை வேறு. அவருக்கு மகன் உண்டு என்கிறது வரலாறு. திருவண்ணாமலைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்! பிள்ளையில்லாத ராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது அவர்கள் கட்சி. தைப்பூசத்தன்று தீர்த்தவாரி முடிந்ததும் ராஜா இறந்த சேதி வரும். மேளதாளம் நின்றுவிடும், சாமி சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் புறப்பட்டுப் போய், ஒரு மகனாகத் திதி கொடுப்பார். முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோயிலுக்குள் வல்லாள கோபுரத்தையும் பார்க்கத் தவறாதீர்கள்.