பாட் சம்மிட்

பட்ரீசியா சூ ஹெட் சம்மிட் (ஜூன் 14, 1952 – ஜூன் 28, 2016) ஐக்கிய அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணிக்கு 1974 முதல் 2012 வரை 38 பருவங்கள் தலைமைப் பயிற்றுநராக விளங்கியவர். இக்காலத்தில் அவரது அணி 1,098 ஆட்டங்களில் வென்றது. 208 ஆட்டங்களில் தோற்றது. ஒரு பருவத்தில்கூட வெற்றிகளை விடத் தோல்விகள் மிகுந்ததில்லை.

இளமை

டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில்லில் வேளாண் குடும்பமொன்றில் பிறந்தார். அவ்வூர்ப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணி இல்லை. எனவே மகள் ஆடுவதற்காகவே தந்தை குடும்பத்தை அருகிலுள்ள ஹென்றியெட்டாவுக்குக் குடிபெயர்த்தார். பின்னர் பாட், மார்ட்டின் நகரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார்.

பயிற்றுநர் பணி

நாக்ஸ்வில்லில் துணைப் பயிற்றுநராகப் பணியாற்ற வந்தவர், அப்போதைய தலைமைப் பயிற்றுநர் விடுப்பில் சென்றதால் 22 வயதிலேயே தலைமைப் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. வீராங்கனைகளுள் சிலர் அவரை விட ஓராண்டே இளையவர்கள். மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வண்டியை அவரே ஓட்டினார். சீருடைகளை அவரே துவைத்தார். அச்சீருடைகளும் டோனட் விற்றுத் திரட்டிய பணத்தில் வாங்கப்பட்டவையே. இதற்கிடையே முதுகலைப் படிப்பு, உடற்கல்வி வகுப்புகள், முழங்காற் காயத்திலிருந்து மீண்டு ஒலிம்பிக்குக்கு ஆயத்தமாதல் ஆகியவையும் நடந்தன. 1974 டிசம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில் மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 84–83 என ஒரே புள்ளியில் தோற்றார்.

கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த கூட்டரசுச் சட்டம் 1972 இல்தான் இயற்றப்பட்டிருந்தது. சட்டம் வந்தும் பணம் உடனே வந்துவிடவில்லை என்பதற்கு அந்த டோனட்டுகளே சான்று. தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் பெண்கள் கூடைப்பந்து வாகையர் போட்டியை முதன்முதலாக நடத்தியது 1982 இல் ஆகும்.

1976 மொன்றியால் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் இணைத்தலைவராக ஆடி வெள்ளிப் பதக்கமும், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பயிற்றுநராகத் தங்கமும் பெற்றார். ஆனால் கல்லூரி வாகையர் பட்டம் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. பலமுறை நெருங்கித் தவறிய பின், 13 ஆவது பருவமான 1987 இல்தான் லூசியானா டெக் அணியை 67–44 என வென்று முதற்பட்டம் பெற்றார். தொடர்ந்து 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். இவற்றுள் 1997 ஆம் ஆண்டுப் பட்டம் வியப்புக்குரியது: அப்பருவத்தில் அணி 10 ஆட்டங்களில் தோற்றிருந்தது. மறு ஆண்டோ ஷமீக் ஹோல்ட்ஸ்கிளா, டமீகா கேச்சிங்ஸ் முதலியோருடன் 39 ஆட்டங்களிலும் தோல்வியே காணவில்லை.

எதிரணி தவறவிடும் பந்தைக் கைப்பற்றுவதும் தடுப்பாட்டமுமே அவரது பயிற்சியின் அடிப்படை. வகுப்புக்குச் செல்லாதவர் ஆட்டத்தில் இறங்க இயலாது. வகுப்பிலும் முதல் மூன்று வரிசைகளில்தான் அமர வேண்டும். தம்மிடம் முழுக்காலமும் ஆடி முடித்த அனைவரும் பட்டம் பெற்றனர் என்பதையே கோப்பைகளை விடப் பெரிதாக அவர் கருதினார் எனலாம். வீராங்கனைகளை அவர் முறைத்துப் பார்க்கும் பார்வையும் பெயர் பெற்றது.

நோயும் இறுதிக்காலமும்

2011 ஆகஸ்டில், தமது 59 ஆவது வயதில், இளவயது ஆல்சைமர் நோய் தம்மைத் தாக்கியிருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். நினைவையும் விரைந்த முடிவையும் நம்பிய தொழிலில் இருந்தவருக்கு இது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனினும் உடனே விலகாமல் மேலும் ஒரு பருவம் பணியாற்றினார். அவருடைய முன்னாள் வீராங்கனையும் நெடுங்காலத் துணைப் பயிற்றுநருமான ஹோலி வார்லிக் ஆட்ட நேரப் பொறுப்புகளில் பெரும்பகுதியைச் சுமந்தார். அணி அவ்வாண்டு காலிறுதியில் பெய்லர் அணியிடம் தோற்றது. 2012 ஏப்ரலில் பாட் பதவி விலக, வார்லிக் தலைமைப் பயிற்றுநரானார். அதே ஆண்டு அமெரிக்காவின் விடுதலைக்கான குடியரசுத் தலைவர் பதக்கம் பாட்டுக்கு வழங்கப்பட்டது. ஆல்சைமர் ஆய்வுக்கு உதவ அவர் பெயரில் அறக்கட்டளையும் நிறுவப்பட்டது.

2016 ஜூன் 28 அன்று நாக்ஸ்வில்லில் காலமானார். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அவரது வெற்றி எண்ணிக்கையை ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டர்வீர் 2020 டிசம்பரில் கடந்தார்.