கம்பெனி கார்: லாக் புக்கும் சப்-மீட்டரும்



மஞ்சள் மண்டிகளைப் பற்றி முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, "அந்தக் காலத்துல சேகோ மில்காரங்க வெச்சிருந்த கம்பெனி காரைப் பத்தியும் எழுதுங்க சார்" என்று 1986 செட் பையன் ஒருவன் கேட்டிருந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே பேத்தி வந்தாச்சு. கொஞ்சம் நீளமாகப் போகும். அவசரக்காரர்கள் சாயந்திரம் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் சிறு வயதில் நம்ம நாமகிரிப்பேட்டைக்குள் கார் வந்தால் அது மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: டாக்டருடையது, கல்யாணத்துக்கு வந்த வாடகைக் கார், அல்லது கம்பெனி கார். பி.டி.ஓ. ஜீப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சம்பளக்காரர் ஒருவர் தன் காசில் புதுக்கார் வாங்கினார் என்று அந்த நாளில் நான் கேள்விப்பட்டதே கிடையாது. காசு இருந்தாலும் கார் கிடைக்காது. 1959-ல் வந்த கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, பதிவு செய்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். நாட்டிலேயே மூன்று கம்பெனிகள்தான். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. ஃபியட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 1969-ல் அரசாங்கம் காரின் விலையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது.

மெட்ராஸ் கம்பெனியைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் அதன் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அங்கிருந்து வந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். அதற்கு உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். பானெட்டைத் திறந்தால் மட்கார்டும் விளக்குமாகச் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் செய்தார்கள். பார்க்க லட்சணம். ஆனால் குச்சிக்கிழங்கு வண்டிகள் உழுதுபோட்ட பாதையில் அது தாங்காது என்பது எங்கள் சித்தப்பாவின் தீர்ப்பு. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர் ஒரு சேகோ ஆலையின் டிரைவர்.

அந்த ஆலைக்கு 1969-ல் புது அம்பாசிடர் வந்தது. மார்க் 2. வெள்ளைக்கும் சந்தனத்துக்கும் நடுவில் ஒரு நிறம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலீஷ் காரின் மூன்றாம் வரிசையை அப்படியே கொண்டுவந்து 1950-களின் கடைசியில் அம்பாசிடர் என்று பெயர் வைத்தார்கள் என்பது வரலாறு. எங்களுக்கு அது "மில் கார்".

புதுக்கார் என்றதும் இன்றைக்கு நீங்கள் நினைப்பது வேறு. அன்றைக்குப் புதுக்காரும் தினமும் வேலை வைக்கும். சித்தப்பா விடியற்காலை ஐந்து மணிக்கே ஷெட்டில் இருப்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர், ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பது, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர். மார்கழிப் பனியில் சோக்கை இழுத்து வைத்து ஸ்டார்ட் செய்வார். அதற்கும் மசியாவிட்டால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவார், அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கக்கூடாது, திருப்பி அடித்தால் கை முறியும். கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும், அதன் இணைப்புக் கம்பிகள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். இறங்கி பானெட்டைத் திறந்து கையால் தட்டிவிட்டால்தான் திரும்ப ஓடும். முன் சீட் ஒரே பெஞ்சு. டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் எத்தனை பேர் என்பது அவரவர் மனசைப் பொறுத்தது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்றும் மூக்கில் நிற்கிறது. புதுக்காரின் ரெக்ஸின் வாசம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஆலையின் புளித்த மாவுத்தண்ணி வாசம் சீட்டில் ஏறிவிட்டது. முதலாளி வெள்ளைத் துண்டு விரித்து அத்தர் தெளித்தார். அதற்கப்புறம் அத்தரும் மாவுத்தண்ணியும் கலந்த ஒரு வாசம். அதைச் சொல்லி விளக்க முடியாது.

அந்தக் காரில் ஒரு லாக் புக் இருந்தது. நீளமான, சிவப்புத் துணி ஒட்டிய நோட்டு. தேதி, புறப்பட்ட இடம், போய்ச் சேர்ந்த இடம், மீட்டர் எண், என்ன வேலை, எத்தனை லிட்டர், கையெழுத்து. அரசாங்க ஜீப்புக்கும் இதே மாதிரிதான். வரலாற்று வாத்தியாராக எனக்கு இந்த நோட்டில் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. கல்வெட்டில் ராஜா என்ன தானம் கொடுத்தார் என்று இருக்கும், இதில் யார் எங்கே எதற்குப் போனார்கள் என்று இருக்கும். முதலாளி வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போனதைக்கூட "ஆபீஸ் வேலை" என்று எழுதச் சொன்ன ஆலைகள் உண்டு. எங்கள் சித்தப்பா வேலை பார்த்த இடத்தில் கணக்குப்பிள்ளை கறார். சொந்த வேலை என்றால் சொந்த வேலை என்றே எழுத வேண்டும்.

1971 ஐப்பசி. நல்ல மழை. சித்திக்கு நடு ராத்திரியில் வலி கண்டுவிட்டது. ஊரில் பிரசவம் பார்க்கும் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "தலை திரும்பல கண்ணு, ராசிபுரம் கொண்டுபோயிரு" என்று சொல்லிவிட்டார். ராசிபுரம் ஆஸ்பத்திரி சுமார் பத்து கிலோமீட்டர். பஸ் கிடையாது. மாட்டு வண்டியில் அந்த மழையில் போனால் விடிந்துவிடும். முதலாளி சரக்கு விஷயமாக பம்பாய் போயிருந்தார், கேட்க ஆள் இல்லை. காலையில் சீக்கிரம் எடுக்க வேண்டியிருப்பதால் கார் சாவி மட்டும் சித்தப்பாவிடம் இருந்தது. அரை மணி நேரம் திண்ணையில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று எங்கள் அம்மா சொல்லுவார். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசையும். ஆலையில் கேட்காமல் சாமானை எடுத்தால் திருட்டு என்று அர்த்தம், வேலை போகும். அப்புறம் எழுந்து போய் வாட்ச்மேனை எழுப்பி ஷெட்டைத் திறந்தார்.

பெண் குழந்தை. தாயும் சேயும் பிழைத்தார்கள். என் தங்கை அவள்.

காலையில் காரைக் கழுவி நிறுத்திவிட்டு சித்தப்பா லாக் புக்கில் எழுதினார்: நாமகிரிப்பேட்டை முதல் ராசிபுரம் ஆஸ்பத்திரி, போக வர, சொந்த வேலை. கணக்குப்பிள்ளை அந்த மாதச் சம்பளத்தில் இரண்டு லிட்டர் பெட்ரோல் காசைக் கழித்துக்கொண்டார். முதலாளி திரும்பி வந்து நோட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, கழித்த காசைத் திருப்பியும் தரவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோபம். சித்தப்பா மட்டும், "கழிச்சதுதாங் கண்ணு நல்லது. சும்மா உட்டிருந்தா, நாளைக்கு இன்னொரு டிரைவர் கேக்க வாய் வராது" என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை. பிறகு அந்த ஆலையில் வேறு இரண்டு வீட்டுப் பிரசவத்துக்கும் அதே கார் போனது. நோட்டில் "சொந்த வேலை", சம்பளத்தில் பெட்ரோல் காசு. அவ்வளவுதான்.

சரி, பெரிய கம்பெனிகள் அதிகாரிகளுக்கு ஏன் கார் கொடுத்தன? அந்தஸ்து என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பெரிய காரணம் வருமான வரி. 1973-74-ல் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம், சர்சார்ஜ் சேர்த்து, 97.75 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். அப்படிப்பட்டவருக்குச் சம்பளத்தைக் கூட்டுவதை விட ஒரு அம்பாசிடரும் டிரைவரும் பெட்ரோலும் கொடுப்பது எத்தனையோ மேல். இங்கிலாந்திலும் அதே பத்தாண்டில் இதே கதை, காரணம் மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது, கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாகக் கார் கொடுத்தன. ஃபோர்டு கார்ட்டினாவின் பின்புறம் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்தே அந்த விற்பனையாளர் எந்தப் படியில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாமாம். எல் என்றால் கீழே, கியா என்றால் மேலே. நம்ம ஊரில் அதற்கு அவசியமே இல்லை. எல்லோருக்கும் ஒரே அம்பாசிடர், ஜன்னலில் திரை இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை டெல்லியில் இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும் என்பதையே நம்ம ஆட்கள் அதிசயமாகப் பேசினார்கள். மெட்ராஸ் ஸ்டாண்டர்டு 1985-ல் 2000 என்ற பெரிய காரை விட்டுப்பார்த்து, அது போகாமல், 1980-களின் கடைசியில் மூடிவிட்டது. 1990-களில் சென்னையைச் சுற்றி மறுபடி கார் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், மறைமலை நகரில் ஃபோர்டு. 1998-ல் வந்த சான்ட்ரோ நம் பக்கத்து ஃபீட் கம்பெனி, மருந்துக் கம்பெனி ஆபீசர்கள் கையில் ஓடியது. அதற்கு ஒரு வருடம் முன்புதான், 1997 ஜனவரி 1 முதல், நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியிருந்தது.

இதற்குள் சட்டமும் நுணுக்கமாகிவிட்டது. 2005-ல் 'ஃபிரிஞ்ச் பெனிஃபிட் டாக்ஸ்' என்று கம்பெனியின் தலையிலேயே ஒரு வரி போட்டார்கள், 2009-ல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்த கணக்கு இது: ஆபீசுக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஓட்டும் கம்பெனி காருக்கு, செலவெல்லாம் கம்பெனியே பார்த்தால், இன்ஜின் 1.6 லிட்டருக்குள் இருந்தால் மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400 ரூபாய், டிரைவர் இருந்தால் இன்னும் 900 ரூபாய், உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். எங்கள் சித்தப்பாவின் உழைப்புக்குச் சட்டம் வைத்த மதிப்பு மாதம் 900. மார்க் 2 அம்பாசிடர் 1,489 சிசி, சின்னக் கார் கணக்கில் வந்துவிடும். பின்னால் வந்த இசுசு இன்ஜின் அம்பாசிடர் 1.8 லிட்டர், பெரிய கார். உடம்பு ஒன்று, வரி இரண்டு!

இப்போது நடப்பது பெரும்பாலும் லீஸ். கம்பெனி பெயரில் கார், மாதத் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து, நான்கைந்து வருடம் கழித்து மீதி விலை கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இதைக் கம்பெனி கார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் காசு கம்பெனி வழியாகச் சுற்றி வருகிறது, அவ்வளவே. அம்பாசிடர் 2014 மே மாதம் உத்தரபாராவில் நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

அதே 2017-ல்தான் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் அரசு அலுவலகங்களுக்காக 10,000 மின்சாரக் கார்களுக்கு டெண்டர் விட்டது. டாடா கொடுத்த விலை, ஜி.எஸ்.டி. இல்லாமல், 10.16 லட்சம். ஒரு சார்ஜில் ஓடும் தூரம் போதவில்லை என்ற அதிகாரிகளின் புகார் 2018-லேயே செய்தித்தாள்களில் வந்தது. பிறகு பேட்டரிகள் பெரிதாயின. 2019 ஆகஸ்டில் மின்சாரக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தனியார் கம்பெனிகளும் இந்தப் பக்கம் திரும்பின.

அப்படி வந்த ஒரு மின்சாரக் கார் இப்போது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. மழை ராத்திரியில் பிறந்த என் தங்கையின் மகன், கோழித் தீவனக் கம்பெனி ஒன்றில் ஏரியா மேனேஜர். கோழிப்பண்ணைகளைச் சுற்றுவதுதான் மருமகனுக்கு வேலை. முதல் நாள் சித்தியை உட்காரவைத்து ஓட்டினான். "சத்தமே காணமே, ஸ்டார்ட் ஆயிருச்சா?" என்று சித்தி கேட்டபோது வண்டி புதன்சந்தை ரோட்டில் போய்க்கொண்டிருந்ததாம்.

தினசரிப் பாடு வேறு மாதிரி. ஆயில் குச்சி இல்லை, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் ராத்திரி வயரை மாட்ட மறந்தால் காலையில் திட்டம் மொத்தமும் மாறும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் முழுதாக ஏற சுமார் பத்து மணி நேரம், முப்பது யூனிட். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது சார்ஜ் கண் முன்னால் கரைகிறது, இறங்கும்போது அதில் கொஞ்சம் திரும்பி வருகிறது. அம்பாசிடர் எந்த மலை இறங்கியபோதும் ஒரு சொட்டு பெட்ரோலைத் திருப்பித் தந்ததில்லை.

பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. பெட்ரோலுக்குப் பங்க் பில் இருந்தது, கொடுத்தால் கம்பெனி காசு தந்தது. மின்சாரம் ஓடுவது என் தங்கை வீட்டு மீட்டரில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், மேலே படிப்படியாகக் கட்டணம், 500-ஐத் தாண்டினால் விகிதமே மாறுகிறது. கார் வந்ததும் முதல் பில்லிலேயே தாண்டிவிட்டது. ஃபேனுக்கும் மோட்டாருக்கும்கூட யூனிட்டுக்குக் கூடுதல் விலை. கம்பெனிக் கணக்குப் பிரிவோ, "வீட்டு பில்லில் கார் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கிறது. நியாயமான கேள்விதான். இன்ஜினே இல்லாத காருக்கு 1.6 லிட்டர் கணக்கை எப்படிப் பொருத்துவது என்று வரிக்காரர்களே குழம்பியிருக்கிறார்கள். பிரிட்டனில் வெளிவிடும் புகையை வைத்துக் கம்பெனி கார் வரி போடுவதால் மின்சாரக் காருக்கு 2020-21-ல் பூஜ்யம், 2022 முதல் 2 சதவீதம், 2025-26-ல் 3 என்று போகிறது.

என் தங்கை ஒரு வழி சொன்னாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கார் பிளக்குக்கு மட்டும் தனியாக ஒரு சப்-மீட்டர் போட்டாயிற்று. பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, மீட்டர் எண், எத்தனை யூனிட், எங்கே போனது. போன ஞாயிறு குடும்பத்தோடு நைனாமலை போனதை மருமகன் அதில் "சொந்த வேலை" என்று எழுதியிருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. சேலம், கோவை, ஓசூர், சென்னை, வெளிநாடு என்று கம்பெனிகளில் இருக்கும் மாணவர்களே, உங்கள் இடத்தில் வீட்டில் ஏற்றும் மின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் தருகிறார்களா, கிலோமீட்டர் கணக்கில் தருகிறார்களா? 500-ஐத் தாண்டுவதால் வீட்டு பில்லில் கூடும் தொகையை யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா? கமெண்டில் எழுதுங்கள், மருமகன் படித்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை ஆபீசில் பேசப் போகிறான்.