பலூனும் புகைக்குண்டும்

அண்மையில் ஓர் இலக்கிய மேடையில் அன்பர் ஒருவர் ‘பலூன்’ தமிழ்ச் சொல்லே என்று முழங்கினார். வளி + ஊன் = வளூன்; வகரம் பகரமாகிப் பலூன் ஆயிற்றாம். அதோடும் விடவில்லை. புறநானூற்று 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சொல்லும், வலவன் செலுத்தாமல் தானே செல்லும் வானவூர்தி இந்த வெப்பக்காற்று பலூனே என்றும் நாட்டினார். அரங்கம் அதிர்ந்தது.

ஊன் என்றால் இறைச்சி. சொற்பிறப்புக்கு இந்த விடை போதும். வானவூர்திக்கு வருவோம். சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்வது, செய்யத்தக்க நல்வினையைச் செய்துமுடித்துப் புகழோடு போனவர் அடையும் ஊர்தியை. சிலம்பில் கண்ணகி கணவனோடு ஏறிப்போனதும் அதன் இனமே. ஏறியவர் திரும்பி இறங்கியதாக யாரும் பாடவில்லை. பலூனில் ஏறுகிறவரோ ஒரு மணி நேரத்தில் இறங்கிக் காலைச் சிற்றுண்டிக்குப் போக வேண்டியவர். சீவக சிந்தாமணியில் மன்னன் சச்சந்தன் தன் அரசி விசயைக்குச் செய்வித்த மயிற்பொறியைக் காட்டுவாரும் உண்டு. அது வலம் திரித்தால் ஏறும், இடம் திரித்தால் இறங்கும். நெருப்புக்கு அதில் வேலையே இல்லை.

தவிர, பலூனுக்கு வலவன் உண்டு. பிரம்புக் கூடையில், தலைக்கு மேலே உறுமும் புரொப்பேன் அடுப்பின் பிடியில் கைவைத்து நிற்பவர் அவர்தான். அடுப்பைத் திறந்தால் உள்ளிருக்கும் காற்று சூடேறி இலேசாகும்; பலூன் எழும். உச்சியிலுள்ள துணி மூடியைக் கயிற்றால் இழுத்தால் சூடு வெளியேறும், இறங்கும். இடமோ வலமோ திருப்பச் சுக்கான் கிடையாது. ஆனால் உயரத்துக்கு உயரம் காற்றின் திசை வேறு. வேண்டிய திசையில் ஓடும் அடுக்கைத் தேடி ஏறுவதும் இறங்குவதுமே அவர் வித்தை. அமெரிக்காவின் ஆல்புகர்கியில் பலூன் விழா நடக்கும் அக்டோபர்க் காலைகளில் கீழ்க்காற்று தெற்கேயும் மேல்காற்று வடக்கேயும் ஓடுவதுண்டு. ஏறிய இடத்துக்கு அருகிலேயே திரும்பி வந்து இறங்கிவிடுகிறார்கள். காற்றோடு காற்றாகப் போவதால், கூடையில் நிற்பவர் முகத்தில் காற்றே படுவதில்லை. தரை தொடும்போதுதான் முழங்காலை மடித்து உட்பக்கத்துப் பிடியை இறுகப் பற்ற வேண்டியிருக்கும்.

சொல்லுக்குத் திரும்புவோம். இத்தாலியத்தில் பல்லா என்பது பந்து. பெருமைப்பொருள் தரும் ‘ஓனே’ சேர்ந்தால் பல்லோனே, பெரும்பந்து. பிரெஞ்சில் அது பலோன். கால்பந்துக்கு இன்றும் அதே பெயர். ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டிலேயே காற்றடைத்த தோல்பந்தையும் அதைக்கொண்டு ஆடிய ஆட்டத்தையும் பலூன் என்றனர். பொருள் பறக்க ஏறத்தாழ இருநூறாண்டு முன்பே சொல் பிறந்துவிட்டது. வளிக்கு இங்கே என்ன இடம்?

போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல் என்பாரும் உளர். லிஸ்பன் அரசவையில் பார்த்தொலொமேயு தெ குஸ்மாவோ காகிதப் பலூனைச் சூடேற்றிப் பறக்கவிட்டது 1709இல். அவர்கள் யாழ்ப்பாணத்தை இழந்தது 1658இல். இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

மனிதர் ஏறியது 1783 நவம்பர் 21, பாரிசில். பிலாத்ர் தெ ரோசியேவும் தார்லாந்து கோமகனும் 25 நிமிடம் மிதந்தனர். பலூனைச் செய்தவர்கள் அனொனே ஊரின் காகித ஆலைக்காரர்களான மொங்கோல்ஃபியே சகோதரர். அவர்கள் வைக்கோலையும் ஆட்டு மயிரையும் சேர்த்துக் கொளுத்தினர். தூக்குவது சூடல்ல, புகையில் உள்ள ஏதோ ஒரு தனி வாயு என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் நூறு பாகைக்குச் சூடேறிய காற்று, கன மீட்டருக்குக் கால் கிலோவை மட்டுமே தூக்கும். அதனால்தான் 2,800 கன மீட்டர் அளவுக்குத் துணி தைக்க வேண்டியிருக்கிறது. துணி, கூடை, எரிவாயு உருளை, ஆட்கள் எல்லாம் அந்த 700 கிலோவுக்குள் அடங்க வேண்டும். வெப்பக்காற்று பலூனைப் பிரெஞ்சுக்காரர் இன்றும் அச்சகோதரர் பெயராலேயே அழைக்கிறார்கள். சீனத்தில் பறக்கும் காகித விளக்குக்குப் பெயர், பழங்கால அமைச்சர் சுகே லியாங்கின் மறுபெயரான கொங்மிங். அவர் செய்ததால் என்று ஒரு கதை, அவருடைய தொப்பி போலிருப்பதால் என்று இன்னொரு கதை. இரண்டும் பொய்யாகவும் இருக்கலாம்.

தமிழில்? யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை (வல்வை) முத்துமாரி அம்மன் கோயில் இந்திர விழாவில், மெல்லிய தாள்களை ஒட்டிச் செய்து சூடேற்றி வானில் விடுவதற்குப் பெயர் புகைக்குண்டு. என் கட்சி இதுதான். இது புகைக்கூண்டின் சிதைவு என்பவர்களுக்கு ஒரு சொல்: கிளிக்கூண்டு எங்கும் கிளிக்குண்டு ஆனதில்லை. வெடிகுண்டோடு முடிச்சுப் போடுவதும் தலைகீழ். குண்டு என்பது முதலில் திரட்சி. குண்டு மல்லி, குண்டூசி, குண்டு பல்பு, குண்டுப் பையன் எதுவும் வெடிப்பதில்லை. உருண்டை இரும்பாக இருந்ததாலேயே பீரங்கியில் இட்டதும் குண்டாயிற்று. குன்றிமணியை ஊரார் குண்டுமணி ஆக்கியதும் அந்த உருட்சியைக் கண்டுதான் போலும். சங்க நூல்களில் அகழிக்கும் சுனைக்கும் அடையாக வரும் குண்டு ஆழத்தைக் குறிக்கும். அதை வேறு சொல் என்று பிரிப்பவரோடு நான் உடன்படேன். குழிவும் திரட்சியும் ஒரே வடிவின் உள்ளும் புறமும். வெளியே திரண்டு உள்ளே வெறுமையான பொருளுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எது? இத்தாலியன் பெரும்பந்தைக் கண்டான், வல்வையான் குண்டைக் கண்டான். தூக்குவது புகையென்று கொண்டதில் அனொனேக்காரருக்கும் வல்வையாருக்கும் வேற்றுமையில்லை.

பொள்ளாச்சியில் 2015 முதல் பொங்கலையொட்டி நடக்கும் பலூன் திருவிழாவைப் பற்றி எழுதுவோர் ‘வெப்பக் காற்று பலூன்’ என்று மூன்று சொல்லை அடுக்குகிறார்கள். இப்போது எரிவது புரொப்பேன், புகை ஏது என்று கேட்பார்கள். மின்சாரத்தில் ஓடுவதையும் புகைவண்டி என்றோம். டீசலில் ஓடுவதை இலங்கையில் இன்றும் புகையிரதம் என்றே எழுதுகிறார்கள். குண்டுக்கு மட்டும் புகைக் கணக்கு எதற்கு? அதன் பெயர் புகைக்குண்டுதான்.