பாடாத மரம்

மரத்தால் செய்கிற பொருள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பாடுவதற்கென்றே பிறந்தது. மற்றொன்று, வாயை மூடிக்கொண்டிருப்பதற்கென்றே பிறந்தது. தஞ்சாவூர் வீணை முதல் வகை. பலா மரத்தைக் குடைந்து குடம் செய்கிறவர், அதைத் தட்டித் தட்டிப் பார்த்து, "இது பேசுமா?" என்று காது கொடுத்துக் கேட்கிறார். ஒலிபெருக்கிப் பெட்டி செய்கிறவரும் பலகையைத் தட்டித்தான் பார்க்கிறார். ஆனால் அவர் தேடுவது பேசாத மரத்தை! தட்டினால் 'டொக்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு அது அடங்கிப்போக வேண்டும். மதுரை மணி ஐயர் பாடிக்கொண்டிருக்கும்போது தேக்குப் பலகையும் கூடச் சேர்ந்து பாடினால் யார் பொறுப்பார்கள்?

அப்படியானால் பெட்டியே எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இருவர் ஓர் ஒலிபெருக்கியை உலகத்துக்குக் காட்டினார்கள். ஒரு காகிதக் கூம்பு; அதன் அடியில் கம்பிச் சுருள்; சுருளைச் சுற்றிக் காந்தம். சுருளில் மின்சாரம் ஏறி இறங்க, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை ஆட்டும். இன்றைக்கும் பெரும்பாலான ஒலிபெருக்கிகள் இதே குடும்பந்தான். இதில் ஒரு சங்கடம் உண்டு. கூம்பின் முன்பக்கம் காற்றைத் தள்ளுகிற அதே நொடியில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றை ஒன்று தீர்த்துக் கட்டிவிடுகின்றன. கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கிணற்றுக்கே திரும்பி ஓடினால் பயிர் என்ன ஆகும்? உச்ச சுரங்கள் எப்படியோ தப்பி வந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஒலியும், தவிலின் கனமான அடியும் காணாமற் போய்விடும். ஆகையால் இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்புக் கட்ட வேண்டும். அந்த வரப்புத்தான் பெட்டி.

ஆரணியில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும்? கமண்டல நாக நதியை ஒட்டிய இந்த ஊரைச் சரித்திரப் புத்தகங்கள் 1751-இல் கிளைவ் நடத்திய சண்டைக்காக நினைவு வைத்திருக்கின்றன. பெண்மணிகள் பட்டுச் சேலைக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். பெண்மணிகளின் சரித்திர ஞானமே மேலானது என்பது என் அபிப்பிராயம். அது நிற்க, ஒலிபெருக்கியின் பூர்வீகத்தில் பட்டு நூலுக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். வானொலியின் ஆரம்ப காலத்தில் சுருள் சுற்றுவதற்கான மெல்லிய செப்புக் கம்பி பட்டு நூல் போர்த்தியே விற்பனைக்கு வந்தது. ஒரு சுற்று மறு சுற்றைத் தொடாமல் இருப்பதற்காகக் கம்பிக்கு இரட்டைப் பட்டுச் சட்டை! பிறகு எனாமல் பூச்சு வந்து பட்டுக்கு ஓய்வு கொடுத்தது. ஆனாலும் பட்டு சும்மா இருக்கவில்லை. பிசின் பூசிய பட்டுத் துணியைச் சிறு கிண்ணமாக வளைத்து, உச்ச சுரங்களுக்கான ஒலிபெருக்கிகளில் வைக்கிறார்கள்.

இந்தக் கதையில் முக்கியமான பாத்திரங்கள் பெரும்பாலும் ஆசைக்காக வேலை செய்தவர்கள். நம் சென்னையையே பாருங்கள். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றிற்று. 40 வாட் சக்தியுள்ள ஒரு சின்ன யந்திரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் காற்றில் சங்கீதம் அனுப்பினார்கள். 1927-இல் பணமில்லாமல் நின்று போயிற்று. யந்திரத்தை நகராண்மைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கழகம் 1930-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆசை ஆரம்பித்து வைக்க, அரசாங்கம் பின்னால் வந்து சேர்ந்தது.

ஆனால் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானவர் கில்பர்ட் பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர். காரணம், அவர் ஜவுளிக்காரர். கம்பளி நெசவுக்குப் பேர்போன பிராட்போர்டு நகரத்தில் துணி வியாபாரத்தில் இருந்தவர். 1930-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் வியாபாரம் படுத்தபோது அவருடைய தொழிலும் ஆட்டங் கண்டது. வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் நம்மில் பலர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படுவோம். பிரிக்ஸ் 1932-இல் இல்க்லி என்ற ஊரில் தம் வீட்டு நிலவறைக்குள் இறங்கி ஒலிபெருக்கி செய்தார். மனைவி டோரிஸும் கை கொடுத்தார். வார்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரையே கம்பெனிக்கு வைத்து 'வார்ஃப்டேல்' என்றார்கள். 1954-இல் லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலில் மேடையில் வித்துவான்களை உட்கார்த்தி வைத்து, அவர்கள் வாசிப்பையும் தம் ஒலிபெருக்கியின் வாசிப்பையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்தார். மறு ஆண்டு நியூயார்க் கார்னகி ஹாலிலும் அதே காட்சி. எத்தனை துணிச்சல்!

பிரிக்ஸ் தம் வித்தையை ஒளித்து வைக்கவில்லை. சாமானியனும் படிக்கும்படி நகைச்சுவையோடு புத்தகங்கள் எழுதினார். மரத்தை வாய் மூட வைப்பதற்கு அவர் கையாண்ட வழிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மெல்லிய ஒட்டுப் பலகைகளை இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவில் உலர்ந்த மணலைக் கொட்டி நிரப்பிவிடுவார். பலகை அதிரத் தொடங்கினால் மணல் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அந்த அதிர்ச்சியைத் தின்றுவிடும். கமண்டல நாக நதியில் மணல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் காலத்தில் ஆற்று மணலைக் கூடையில் அள்ளிக்கொண்டு வருகிறவன், "சங்கீதத்துக்காக" என்று சொன்னால் எந்த அதிகாரி நம்பப்போகிறார்?

பெட்டியை முழுக்க மூடுவதா, வாய் வைப்பதா என்பது வேறொரு வழக்கு. பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் பெட்டியில் ஒரு வாய் திறந்து வைத்து, பின்பக்கத்து ஒலியையும் வேலை வாங்கினார். 1932-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நமக்கு இது புதிதல்ல. கட வித்துவான் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் 'கும்'மென்ற நாதத்தை ஏற்றி இறக்குகிறாரே, அதற்குள் இருக்கும் சூத்திரமும் இதுவும் ஒன்றே. அமெரிக்காவில் எட்கர் வில்சர் 1954-இல் எதிர்க்கட்சி வக்கீலாக வந்தார்; வாயை அடைத்து, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக்கி, சின்னப் பெட்டியில் பெரிய ஒலியை எழுப்பினார். 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் வாயுள்ள பெட்டிக்குக் கணக்கு எழுதினார். பத்து வருஷம் உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1970-களில் ரிச்சர்டு ஸ்மால் அதை விரித்துரைத்த பிறகுதான், எந்தக் கூம்புக்கு எத்தனை லிட்டர், எத்தனை நீளக் குழாய் என்பது வீட்டுத் திண்ணையில் உளியும் ரம்பமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்டிற்று.

அப்படித் திண்ணையில் உட்கார்ந்தவர்களில் ஆரணி நண்பர் ஒருவரும் உண்டு. பட்டுக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாகசுரத்தைத் தவிலோடு கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. நாகசுரம் எந்த ஓட்டை ஒலிபெருக்கியிலும் கேட்கும். தவில் அப்படிக் கேட்காது. எட்டங்குலக் கூம்பும், பதினெட்டு மில்லிமீட்டர் ஒட்டுப் பலகையும் வாங்கினார். மரச் சாமான் கடைத் தச்சர்கள், தேக்கில் செய்தால்தான் அழகு என்றார்கள். மழைக்காலத்தில் உப்பி, கோடையில் வெடிக்கும் தேக்குப் பலகை இந்த வேலைக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் தறி செய்கிற ஒரு கிழவரிடம் போனார்.

புதுத் தறி கேட்டு அந்தக் கிழவரிடம் ஆள் வந்து வெகு நாளாயிற்று. மிதி மாற்றுவது, படைமரம் சரிசெய்வது என்று பழுது பார்க்கும் வேலையோடு சரி. நண்பர் கணக்கையெல்லாம் விரிக்கத் தொடங்கினார். கிழவர் கையமர்த்தினார்.

"பொட்டி ஆடக் கூடாது. அவ்வளவுதானேய்யா? தறி ஆடினா அச்சு ஒரே மாதிரி விழாது. சேலையிலே வரி தெரியும். ஆடாம நிறுத்தறதுக்குத்தானே அம்பது வருஷமா கழுந்து அடிக்கறேன்!"

மரத்தைப் பேசாதிருக்கச் செய்யும் கலையை வெளிநாட்டு நிபுணர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்க, அதைக் கையிலேயே வைத்திருக்கும் மனிதர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே குறுக்குக் கட்டைகளை எங்கே கொடுப்பது என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பலகையைத் தட்டுவார், எந்த இடத்தில் அது முனகியதோ அங்கே ஒரு கட்டை. பன்னிரண்டு நாளில் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று குடம் தண்ணீர் பிடிக்கும் அளவில்.

இசைத் தட்டைப் போட்டபோது நானும் போயிருந்தேன். தவில் வந்தது, தெருவிலிருந்து தறிக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நண்பர் கண்களை மூடிக்கொண்டுவிட்டார். கிழவர் மட்டும் பாட்டைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எழுந்து போய், பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "ஆடலை" என்றார். மிச்சமிருந்த பலகைத் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். யாரோ நாடா வைப்பதற்கு ஒரு பெட்டி கேட்டிருந்தார்களாம்.