மாலி

மேற்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதியில், கடற்கரை எதுவுமின்றி ஏழு நாடுகளுக்கு நடுவே அமைந்துள்ள குடியரசு மாலி. வடக்கில் அல்ஜீரியா, கிழக்கில் நைஜர், தெற்கில் புர்கினா பாசோ, ஐவரி கோஸ்ட், கினி, மேற்கில் செனகல், மௌரித்தானியா ஆகியவை இதன் எல்லை நாடுகள். பரப்பு ஏறத்தாழ 12,40,000 ச.கி.மீ.; 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2.2 கோடிக்குச் சற்று மேல். தலைநகர் நைஜர் ஆற்றங்கரையில் உள்ள பமாக்கோ. நாட்டின் பெயர் இடைக்காலப் பேரரசு ஒன்றின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. பம்பாரா மொழியில் 'மாலி' என்னும் சொல் நீர்யானையைக் குறிப்பதால் பெயர் அதிலிருந்து வந்தது என்பது மக்கள் வழக்கு. 'மாண்டே' என்ற நிலப்பெயரின் திரிபே அது என்பாரும் உளர்.

புவியியல்

வடபகுதி சகாரா பாலைவனம். தென்பகுதி மழை பெறும் புல்வெளி. இரண்டுக்கும் இடைப்பட்ட வறண்ட நிலப்பட்டை 'சாகேல்' எனப்படும். அரபு மொழியில் கரை என்று பொருள்படும் இச்சொல், பாலைவனத்தைக் கடலாகக் கொண்டு அதன் ஓரத்துக்கு இடப்பட்டதாகும். நாட்டின் மிக உயரமான இடம் ஒம்போரி தொந்தோ மலை (1,155 மீ.).

நாட்டின் உயிர்நாடி நைஜர் ஆறு. அட்லாண்டிக் கடலுக்கு அதிகத் தொலைவில்லாத கினி மலைகளில் பிறந்தும், கடலை நோக்கிச் செல்லாமல் வடகிழக்காகத் திரும்பிப் பாலைவனத்தின் விளிம்பில் உள்ள திம்புக்டுவுக்கு அருகே வரை சென்று, பின்னர் வளைந்து தென்கிழக்கே பாய்வது இதன் தனித்தன்மை. திம்புக்டுவை அடையுமுன் ஆறு எண்ணற்ற கால்களாகவும் ஏரிகளாகவும் பிரிந்து பரந்த சமவெளியை ஆண்டுதோறும் மூழ்கடிக்கிறது. இதனை உள்நாட்டுக் கழிமுகம் என்பர். மழை ஆனி முதல் புரட்டாசி வரையான மாதங்களில் மலைகளில் பெய்தாலும், வெள்ளம் இச்சமவெளியைக் கடக்கப் பல மாதங்கள் எடுத்துக்கொள்வதால், திம்புக்டு வட்டாரத்தில் நீர் உச்சத்தை எட்டுவது மழை ஓய்ந்து நெடுநாள் சென்ற மார்கழி, தை மாதங்களில்தான். சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்கும் காலத்தில் நீர் ஏறி வருவதே இங்கு நெல்லும் மீனும் மேய்ச்சலும் ஒருங்கே நிலைபெறக் காரணம்.

மக்கள்

பம்பாரா, மலிங்கே, சோனின்கே ஆகிய மாண்டே இனத்தாரும், பூலானி எனப்படும் மேய்ச்சல் மரபினரும், சொங்காய், செனுபோ, தோகோன், துவாரெக், போசோ முதலிய பிரிவினரும் இங்கு வாழ்கின்றனர். இனப்பெயர் பல இடங்களில் தொழிலையும் உணர்த்தும்: போசோக்கள் ஆற்றில் மீன்பிடிப்போர், தோகோன்கள் பாந்தியகாரா செங்குத்துப் பாறையின் அடிவாரத்திலும் உச்சியிலும் தினை வகைகள் பயிரிடுவோர். பம்பாரா மொழி பெரும்பாலோருக்குப் பொதுமொழியாகப் பயன்படுகிறது. மக்களில் மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள்.

கழிமுகத்தின் தியபராபே என்னும் ஊரில், வெள்ளம் வடியத் தொடங்கும்போது மாட்டு மந்தைகள் ஆற்றைக் கடக்கும் 'யாரால்' விழா நடைபெறுகிறது. மாதக்கணக்கில் வறண்ட நிலத்தில் மந்தையோடு திரிந்த இளைஞர்கள், கொம்புகள் மட்டும் நீருக்கு மேலே தெரிய நீந்தும் மாடுகளை ஓட்டிக்கொண்டு கரையேறுவர். மறுகரையில் குடும்பத்தார் புத்தாடை அணிந்து காத்திருப்பர். விழா நாளை நாட்காட்டி முடிவு செய்வதில்லை. நீரின் அளவையும் புல்லின் நிலையையும் பார்த்துப் பெரியவர்கள் கூடிக் குறிக்கின்றனர்.

வரலாறு

*தொடக்கக் காலம்.* ஜென்னே நகருக்கு ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில் உள்ள ஜென்னே-ஜெனோ மேட்டில் 1977 முதல் நடந்த அகழாய்வுகள், கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் தோன்றிய குடியிருப்பு ஒன்று பின்னர் நகரமாக வளர்ந்ததை வெளிப்படுத்தின. அரபு வணிகம் வந்த பிறகே இப்பகுதியில் நகரங்கள் தோன்றின என்ற பழைய கருத்து இதனால் கைவிடப்பட்டது. இன்றைய மௌரித்தானியாவின் தென்பகுதியிலும் மாலியின் மேற்குப் பகுதியிலும் பரவியிருந்த கானா அரசைப் பற்றிக் கோர்தோபா நகர அறிஞர் அல்-பக்ரி 1068இல் எழுதினார். அவ்வரசு பெர்பெர் அரசமரபினரான அல்மொராவிதுகளின் படையெடுப்பால் வீழ்ந்ததா, தானே தளர்ந்ததா என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்தில்லை.

*மாலிப் பேரரசு.* பேரரசை நிறுவிய சுந்தியாத்தா கெய்த்தா, சொசோ அரசன் சுமங்குருவைக் கிரினா என்னுமிடத்தில் 1235ஐ ஒட்டி வென்றதாகக் கொள்ளப்படுகிறது. இச்செய்தியில் பெரும்பகுதியைக் காத்து வந்தவர்கள் 'ஜெலி' எனப்படும் பரம்பரைப் பாணர்கள். அரச குலங்களின் வழிமுறையையும் போர்களையும் மனனம் செய்து, தந்தை வழியாகப் பெற்று மகனுக்கு அளிப்பது அவர்கள் குலத்தொழில். வெற்றிக்குப் பின் குருகான் பூகா வெளியில் கூடிய அவை வகுத்ததாகச் சொல்லப்படும் சாசனமும் அவர்கள் நாவில் வந்ததே. 1998இல் கினியின் கங்கான் நகரில் அது எழுத்தில் தொகுக்கப்பட்டது. அதில் எவ்வளவு 13ஆம் நூற்றாண்டுக்குரியது, எவ்வளவு பிற்சேர்க்கை என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

பேரரசர்களில் மிக விரிவான சான்றுகள் கிடைப்பது மன்சா மூசாவுக்கே. 'மன்சா' என்பது அரசனைக் குறிக்கும் மாண்டே சொல். 1312ஐ ஒட்டி அரியணை ஏறிய இவர், 1332இலோ 1337இலோ இறந்தார் என்பர். 1324இல் மெக்காவுக்கு யாத்திரை சென்றபோது கெய்ரோவில் தங்கினார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்நகரில் விசாரித்தறிந்த அரபு நூலாசிரியர் அல்-உமரி, மூசாவின் கூட்டத்தார் வாரி வழங்கிய பொன்னால் அதன் விலை சரிந்து, இன்னும் முழுதாக மீளவில்லை என்று குறித்துள்ளார். உடன் சென்றோர் தொகையையும் பொன்னின் எடையையும் நூல்கள் வெவ்வேறாகத் தருவதால் எண்களை அப்படியே ஏற்பதற்கில்லை. அத்தனை செல்வத்தோடு சென்றவர் திரும்பும் வழியில் கையிருப்புத் தீர்ந்து கெய்ரோ வணிகரிடம் கடன் வாங்க நேர்ந்ததையும் அதே சான்றுகள் கூறுகின்றன. எகிப்து சுல்தான் முன் மண்ணை முத்தமிட மறுத்த மூசா, பின்னர் இறைவனுக்கே வணங்குவதாகக் கூறித் தலைதாழ்த்தினார் என்பதும் அல்-உமரி தரும் செய்தி. 1375ஐ ஒட்டி மயோர்க்கா தீவில் வரையப்பட்ட கத்தலான் வரைபடத்தில், கையில் பொன்வட்டு ஏந்தி வீற்றிருக்கும் அரசராக மூசா காட்சியளிக்கிறார்.

யாத்திரையிலிருந்து மூசா அழைத்துவந்த அந்தலூசியக் கவிஞர் அல்-சாகிலி, திம்புக்டுவின் ஜிங்கரேபேர் பள்ளிவாசலைக் கட்டியதாக மரபு கூறுகிறது. இந்நாட்டு மண்கட்டடக் கலை அதற்கு மிக முற்பட்டது என்பதால், அவருடைய பங்கைச் சுருக்கியே மதிப்பிட வேண்டும் என்பாரும் உளர். 1352–53இல் பின்வந்த பேரரசர் மன்சா சுலைமானின் நாட்டுக்கு வந்த பயணி இப்னு பதூதா, வழிப்போக்கர் கள்வருக்கு அஞ்சாமல் செல்ல முடிந்ததைப் பாராட்டினார்; தலைநகர் எங்கே இருந்தது என்பதை அவர் குறிப்புகளைக் கொண்டும் உறுதிசெய்ய முடியாததால், நியானி உள்ளிட்ட பல இடங்கள் முன்மொழியப்பட்டுள்ளன. பாலைவனத்து உப்புச் சுரங்க ஊரான தகாசாவில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன என்று அவர் எழுதியது, இப்பேரரசு பற்றிய குறிப்புகளில் மறக்கவொண்ணாத ஒன்று.

*சொங்காய் அரசு.* 1464 முதல் 1492 வரை ஆண்ட சுன்னி அலி 1468இல் திம்புக்டுவைக் கைப்பற்றினார். அஸ்கியா முகம்மது (1493–1528) காவோ நகரிலிருந்து பேரரசை விரிவாக்கினார். இக்காலத்தில் திம்புக்டுவின் சங்கோரே பள்ளிவாசலைச் சுற்றிக் கல்வி தழைத்தது. இதனைப் பல்கலைக்கழகம் என்று கூறுவது வழக்கமாயினும், அறிஞர்கள் தத்தம் வீடுகளில் மாணவர்க்குப் பாடம் சொன்ன கல்வித் தொடர்பு என்பதே பொருத்தம் எனச் சிலர் கருதுகின்றனர். 1591இல் தொந்திபி போரில் மொராக்கோவின் துப்பாக்கிப் படை சொங்காயை வீழ்த்தியது. அறிஞர் அகமது பாபா மராகேசுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்டார்.

*பிற்காலம்.* அடுத்த இரு நூற்றாண்டுகளில் செகூவில் பம்பாரா அரசும், பின்னர் மாசினாவில் பூலானி அரசும் ஓங்கின. அவ்விரண்டையும் 1860களின் தொடக்கத்தில் இஸ்லாமியப் போர்த்தலைவர் அல்-ஹாஜ் உமர் தால் வென்றார். பிரெஞ்சுப் படை 1883இல் பமாக்கோவிலும் 1894இல் திம்புக்டுவிலும் நுழைந்தது. நாடு பிரெஞ்சு சூடான் என்று பெயர் பெற்றது.

இன்றைய ஜென்னே பெரிய பள்ளிவாசல் 1907இல் எழுப்பப்பட்டது. அதன் அமைப்பில் பிரெஞ்சு அதிகாரிகளின் கை எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கட்டியவர்கள் ஊர்க் கொத்தனார் குழுவினரே. மண்சுவரில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள் அழகுக்கு மட்டுமல்ல, ஏறி நின்று பூசுவதற்குச் சாரமாகவும் அமைந்தவை. ஆற்றுச் சேற்றில் உமி கலந்து பல நாள் புளிக்கவைத்த சாந்தை ஆண்டுக்கொருமுறை ஊரே கூடிச் சுமந்து பூசுகிறது. மழை ஒவ்வோராண்டும் சுவரைக் கரைப்பதால் இப்பணி ஓய்வதில்லை.

அரசு

செனகலுடன் இணைந்த மாலிக் கூட்டமைப்பு 1960 ஜூனில் விடுதலை பெற்று இரு மாதங்களில் கலைந்தது. 22 செப்டம்பர் 1960இல் மாலி தனிக் குடியரசானது. முதல் தலைவர் மொதிபோ கெய்த்தாவை 1968இல் அகற்றிய மூசா திராவோரே, 1991இல் மக்கள் கிளர்ச்சியை அடுத்து வீழ்ந்தார். 1992இல் அல்பா உமர் கொனாரே தேர்தல் வழி ஆட்சிக்கு வந்தார். 2012இல் மீண்டும் இராணுவப் புரட்சி நிகழ்ந்தது. அதே ஆண்டு வடபகுதியைப் பிடித்த ஆயுதக் குழுக்கள் திம்புக்டுவின் மகான்களின் கல்லறைகளை இடித்தன. கொத்தனார்கள் அவற்றைப் பழைய முறைப்படியே 2015க்குள் மீண்டும் எழுப்பினர். அக்குழுக்களிடமிருந்து காக்கத் திம்புக்டுவிலிருந்து பெட்டிகளில் மறைத்துப் பமாக்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கையெழுத்துச் சுவடிகளின் எண்ணிக்கை பலவாறாகக் கூறப்படுகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளின் புரட்சிகளுக்குப் பின் அசிமி கொய்த்தா தலைமையில் இராணுவ ஆட்சி நடைபெறுகிறது. 2023ஆம் ஆண்டு அரசமைப்பு, பிரெஞ்சை ஆட்சிமொழி நிலையிலிருந்து நீக்கி நாட்டு மொழிகளுக்கு அந்நிலையை அளித்தது. 2025 ஜனவரியில் மாலி மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்திலிருந்து விலகியது.

பொருளாதாரம்

உழவும் மேய்ச்சலும் பெரும்பாலோரின் வாழ்வாதாரம். ஏற்றுமதியில் தங்கம் முதலிடத்தையும் பருத்தி அடுத்த இடத்தையும் பெறுகின்றன. பிரெஞ்சு ஆலைகளுக்குப் பருத்தி விளைவிக்க 1932இல் தொடங்கப்பட்ட நைஜர் பாசனத் திட்டம், கட்டாயக் குடியேற்றத்தால் வளர்ந்தது. அத்திட்டத்துக்காக 1947இல் நிறைவுற்ற மர்க்காலா அணையின் நீர் இன்று பெரும்பாலும் நெல்லுக்கே பாய்கிறது. ஆப்பிரிக்க நெல்லினம் முதன்முதலில் பயிராக்கப்பட்டது நைஜரின் உள்நாட்டுக் கழிமுகத்தில்தான் என்பது பலர் கருத்து. அண்மையில் லித்தியம் அகழ்வும் தொடங்கியுள்ளது.

தகாசாவுக்குப் பின் தோன்றிய தௌதென்னி சுரங்கத்தில் உப்பு இன்றும் பாளமாகவே வெட்டப்படுகிறது. ஒட்டகத்துக்குப் பொதுவாக நான்கு பாளங்கள் ஏற்றித் திம்புக்டுவுக்குக் கொண்டுவரும் வணிகக் கூட்டத்துக்கு 'அசலாய்' என்று பெயர். சரக்குந்துகள் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. திம்புக்டுவில் இறக்கிய பாளங்கள் அங்கிருந்து படகேறி மோப்தி சந்தையை அடைந்து, அங்கே சிறு துண்டுகளாக அறுக்கப்பட்டு விற்கப்படுகின்றன.