குவாய் பாலத்தில் வராத ஆக்கள்

படகைக் கரையோரம் ஒதுக்கிவிட்டு கைட் துடுப்பை நீட்டிக் காட்டினார். "அந்தா தெரியுது பாருங்கோ, கொங்கிறீட். அதுதான் பாலம்." ஆறு பேரும் தலையைத் திருப்பினோம். மரங்களுக்குக் கீழே, தண்ணீர் விளிம்பில், பாசி படிந்த அத்திவாரம் கொஞ்சம் கிடந்தது. அவ்வளவுதான். பாலத்தைக் காணவில்லை. 1957இல் ஒரு படத்துக்காக அதை வெடிக்க வைத்துவிட்டார்கள்.

கித்துல்கலையில் ராஃப்டிங் போன எல்லாருக்கும் இந்த இடம் தெரிந்திருக்கும். 'பட்டர் கிரஞ்ச்', 'ஹெட் சொப்பர்' என்று பெயர் வைத்த நீர்ச்சுழிப்புகளில் கத்திக் குளறி வந்த வாய்க்கு ஐந்து நிமிட ஓய்வு. கைட் கதை சொல்லுவார். எங்களுக்கு வந்த கைட் நல்ல கதைகாரர். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து, துடுப்பால் தண்ணீரில் அடித்து வெடிச்சத்தம் எல்லாம் காட்டிச் சொன்னார். முதல் நாள் ஒரு கமராக்காரர் சிக்னல் குடுக்கவில்லையாம், வெடி வைக்காமல் ரயில் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய் மோதிவிட்டதாம், பிறகு தூக்கி நிமிர்த்தி மறுபடி எடுத்தார்களாம்.

படம் டேவிட் லீன் இயக்கிய 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. சிறந்த படம் உட்பட ஏழு ஒஸ்கார் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் படையினர் தாய்லாந்துக் காட்டில் ஒரு ரயில் பாலம் கட்டுகிறார்கள். அவர்களுடைய கேர்ணலுக்கு, எதிரிக்காகக் கட்டுகிறோம் என்பதே மறந்துபோய், பாலத்தின் மேல் ஒரு பெருமை வந்துவிடுகிறது. படத்தில் தாய்லாந்தாக நடித்தது எங்கட களனி கங்கை. மவுண்ட் லவினியா ஹோட்டல் இராணுவ ஆஸ்பத்திரியாக நடித்தது. பாலம் மட்டும் நடிக்கவில்லை. மரத்தால் உண்மையாகவே கட்டி, உண்மையான ரயிலை ஓடவிட்டுத் தகர்த்தார்கள். மார்ச் 1957இல் அதைப் பார்க்கப் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் வந்திருந்தார். தனிச்சிங்களச் சட்டம் வந்து ஒன்பது மாதம். செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் எழுத இன்னும் நாலு மாதம். அந்த நெருக்கடிக்குள்ளும் பாலம் வெடிக்கிறதைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது.

எங்களோடு வந்த நண்பன் ஒருவன் மஸ்கெலியாக்காரன். எங்கட பட்ச்தான். அவன் கைட்டிடம் கேட்டான், "உண்மையான பாலத்த யாரு கட்டினது?" கைட் யோசிக்கவே இல்லை. "சுத்தோ தமய்." வெள்ளைக்காரர்தான்.

அவரில் பிழை இல்லை. படம் அப்படித்தான் சொல்லுகிறது. நான் திரும்பி வந்து இரண்டரை மணித்தியாலத்துக்கும் மேலான அந்தப் படத்தை முழுக்கப் பார்த்தேன். பாலம் கட்டுகிற இடத்தில் பிரிட்டிஷ்காரரும் ஜப்பான்காரரும்தான் நிற்கிறார்கள். ஆசியர் என்று பார்த்தால் கமாண்டோக்களுக்குச் சுமை தூக்கிக்கொண்டு காட்டுவழியே நடக்கிற சில பெண்கள். வேலைக்காரராக ஒரு ஆசிய முகம் இல்லை.

இனி நடந்ததைப் பார்ப்போம். தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயட் வரை 415 கிலோமீற்றர் ரயில்பாதை. 1942 நடுப்பகுதியில் வேலை தொடங்கி 1943 ஒக்டோபரில் இரண்டு முனையும் சந்தித்தன. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது, அதனால் இந்த அவசரம். பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். பிரிட்டிஷ், ஒல்லாந்து, அவுஸ்திரேலியப் படையினர், கொஞ்சம் அமெரிக்கர். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் செத்தார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த பாதி.

மற்றப் பாதி ஆசியத் தொழிலாளர். பர்மியர், மலாயர், ஜாவாக்காரர், தமிழர். கைதிகளை விட இவர்கள் மூன்று மடங்கு. இரண்டு லட்சம் வரை என்பது பொதுவான மதிப்பீடு, செத்தவர்கள் 90,000 பேர் வரை. மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அதில் பெரும்பாலானோர் றப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர். மலேசியத் தமிழர் இதைச் சயாம் மரண ரயில் என்று சொல்வார்கள். ஆர். சண்முகம் அந்தப் பெயரிலேயே ஒரு நாவல் எழுதியிருக்கிறார், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இன்னொன்று. எங்கட கம்பஸில் இந்தப் பெயர்களைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். எனக்கே இந்தப் பயணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

போர் வந்ததும் றப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்தில் ஜப்பான்காரர் வந்து ஒரு நாளைக்கு ஒரு டொலர் சம்பளம், கொஞ்ச மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். முதலில் போனவர்கள் நம்பிப் போனார்கள். சிலர் பெண்சாதி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பி வராததால் பிறகு ஆள் கிடைக்கவில்லை, பிடித்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு. இன்னொரு வழியும் பதிவாகியிருக்கிறது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அறிவித்து, கொட்டகை நிரம்பியதும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்தவர்களை ரயிலில் ஏற்றினார்களாம். இதை வாசித்தபோது எனக்குக் களனி கங்கைக் கரையில் வெடித்த ரயில்தான் ஞாபகம் வந்தது. படம் பார்க்கப் போனவர்கள் பாதைக்குப் போனார்கள். பாதையைப் பற்றிப் படம் வந்தபோது அவர்கள் அதில் இல்லை.

அங்கே செத்தது எப்படி என்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. போர்க்கைதிகளுக்கும் பட்டினி, அடி, மலேரியா எல்லாம் இருந்தது. ஆனால் அவர்களோடு அவர்களுடைய டொக்டர்மார் இருந்தார்கள். அதிகாரிகள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும், மலகூடக் குழி தள்ளித்தான் வெட்டவேண்டும் என்று கட்டளை போட. தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு ஒன்றும் இல்லை. 1943 மழைக்காலத்தில் கொலரா வந்தபோது தொழிலாளர் முகாம்கள் அப்படியே காலியாகின. அந்த வருஷ நடுவில் சிங்கப்பூரிலிருந்து கே படை, எல் படை என்று கைதிகளின் மருத்துவக் குழுக்கள் இரண்டை ஜப்பான்காரர் தொழிலாளருக்காக அனுப்பினார்கள். இரண்டும் சேர்த்தாலும் சில நூறு பேர்தான். மருந்தும் இல்லை.

கதையை எழுதியவர் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர், நாவல் 1952இல் வந்தது. எனக்கு இந்த மனிதரில்தான் கொஞ்சம் கோபம். அவர் அந்த ரயில்பாதையில் இருக்கவில்லை, இந்தோசீனாவில் சிறையில் இருந்தவர். அது பரவாயில்லை. ஆனால் போருக்கு முந்தி அவர் வேலை பார்த்தது மலாயாவில், றப்பர் தோட்டத்தில், இஞ்சினியராக. விடிய எழும்பி வாளியோடு மரத்துக்குப் போன தமிழரைக் காணாமல் ஒரு நாளும் அவருக்குப் போயிருக்காது. பாலத்தைப் பற்றி எழுதும்போது அவர் மனசில் நின்றது பிரிட்டிஷ் அதிகாரியின் மானமும் பிடிவாதமும்தான். உண்மையில் அந்த முகாமில் மூத்த அதிகாரியாக இருந்த பிலிப் டூசி ஜப்பான்காரருக்கு ஒத்துழைத்தவர் இல்லை, வேலையை இழுத்தடித்தவர். அதனால் படம் வந்தபோது பழைய கைதிகளுக்குச் சரியான கோபம் வந்தது. பேசினார்கள், எழுதினார்கள், மறுத்தார்கள். தங்களைப் பிழையாகக் காட்டியதை மறுக்க அவர்களுக்கு வாய் இருந்தது. காட்டவே இல்லை என்று சொல்ல மலாயாத் தோட்டத்திலிருந்து ஒருவர் லண்டனுக்குக் கடிதம் போட முடிந்திருக்குமா?

இன்னொன்று. உண்மையான பாலம் குவாய் ஆற்றுக்கு மேலேயே இல்லை, மே குளொங் ஆற்றுக்கு மேலே இருந்தது. படம் வந்த பிறகு பாலம் பார்க்க ஆக்கள் காஞ்சனாபுரிக்கு வரத் தொடங்க, 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். கதைக்கு ஏற்ற மாதிரி ஆறு மாறியது! அந்த இரும்புப் பாலத்தைக் கமாண்டோக்களும் வெடிக்க வைக்கவில்லை, நேசநாட்டு விமானங்கள்தான் குண்டு போட்டன. திருத்திக் கட்டி இன்றைக்கும் ரயில் ஓடுகிறது. பக்கத்தில் கைதிகளின் மயானம், கிட்டத்தட்ட 7,000 கல்லறை, பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்து, புல்லு வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். தமிழருக்கு அப்படி ஒன்றும் இல்லை. செத்த இடத்திலேயே குழி. அங்கே தமிழருக்கென்று ஒரு நடுகல் வைத்ததே 2023இல்தான்.

சரி, கித்துல்கலைக்கு வருவோம். ராஃப்டிங் முடிய கல்லில் இருந்து குதிக்கிற இடம். இரண்டு மாடி உயரம் இருக்கும். கைட் "எக்காய், தெக்காய், துனாய்" எண்ணுவார், குதிக்க வேண்டும். நான் மூன்று தரம் எண்ணவைத்தேன். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை.

பின்னேரம் பெலிலென குகைக்கு ஏறினோம். முன்னால் அருவி விழுகிறது, அதன் கீழ்க் குளத்தில் நீந்திவிட்டு ஈரத்தோடு குகைக்குள் போய் நிற்கலாம். முப்பதாயிரம் வருஷத்துக்கு முந்தியே மனிதர் இங்கே இருந்திருக்கிறார்கள். சின்னஞ்சிறு கல் ஆயுதங்கள், எலும்புக்கூடுகள் எல்லாம் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கெக்குண விதையும் காட்டு வாழையும் சாப்பிட்டார்கள், கடற்கரையிலிருந்து உப்புக் கொண்டுவந்தார்கள் என்பது வரை ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய வியப்பு. மழைக்காட்டுக் குகையில் ஆதிமனிதன் கொண்டுவந்த உப்பைக் கண்டுபிடிக்க முடிகிற உலகத்தில், 1943இல் செத்த ஒருவரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இறங்கி வரும்போது ஆறு வற்றியிருந்தது. காலையில் நாங்கள் பறந்து வந்த இடத்தில் கல்லுகள் வெளியே தெரிந்தன. இங்கே ஆறு மழையை மட்டும் நம்பி ஓடுவதில்லை. மேலே இருந்து தண்ணீரை விட்டால்தான் ராஃப்டிங். அந்தத் தண்ணீர் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களிலிருந்து ஒவ்வொரு மின்நிலையமாக இறங்கி வருகிறது. 1969இல் மவுஸ்ஸாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா பட்டினம் தாண்டுபோனது. நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்க்கும். நண்பன் சின்ன வயசில் போயிருக்கிறான். "நம்ம ஊரு தண்ணியிலதான் நீங்க காலையில கத்தினீங்க" என்றான். படம் எடுக்க வந்தவர்களுக்கு அந்தப் பட்டினத்தைக் காண வழி இருந்தது, அப்போது அது தண்ணீருக்கு வெளியேதான் இருந்தது. அங்கே தோட்டங்களில் இருந்த சனத்துக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லை. மலாயாவுக்குப் போனவர்களும் இவர்களும் பெரும்பாலும் ஒரே திருச்சி, சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் இருந்து, ஒரே மாதிரிக் கங்காணிமாரிடம் முற்பணம் வாங்கிக் கப்பல் ஏறியவர்கள். ஒரு குடும்பத்தில் ஒருவர் கண்டிக்கு, இன்னொருவர் பினாங்குக்கு.

இதை நான் பொதுவாகத்தான் சொன்னேன், ஹட்டன் பஸ்ஸில் நின்றுகொண்டு. நண்பன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்க பூட்டிக்கு ஒரு தம்பி இருந்தாரு, மலாயா போனவரு" என்றான். பூட்டி லயத்தில் இருந்தபடி தம்பிக்குக் கடிதம் எழுதுவிப்பாராம், கணக்கப்பிள்ளையிடம் காசு குடுத்து. பதிலும் வருமாம். ஜப்பான்காரன் வந்த வருஷம் நின்றுவிட்டது. சண்டை முடிந்த பிறகு அதே லயத்தில் வேறு ஆட்களுக்கு மலாயாவிலிருந்து கடிதம் வந்தது, பூட்டிக்கு வரவில்லை. அவர் ரயில்பாதைக்குப் போனாரா, தோட்டத்திலேயே பட்டினியில் செத்தாரா, அல்லது வேறு எங்காவது குடும்பமாகி இருந்தாரா, வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாயி சொல்லித்தான் இவனுக்கு இவ்வளவும் தெரியும்.

"பேரு என்ன?" என்று கேட்டேன்.

"சின்னத்தம்பின்னுதான் கூப்பிடுவாங்களாம். உண்மையான பேரு அப்பாயிக்குத் தெரியல."

பஸ் கினிகத்தேனையில் நிறைந்துவிட்டது, நாங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டோம்.