கேசட்டின் முதுகில் இருந்த பூட்டு

1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது. உருவாக்கியது லூ ஓட்டன்ஸ் குழு. ரேடியோவில் நாம கேட்க மட்டும்தான் முடியும். கேசட் வந்தபிறகு வீட்டுக்காரங்களும் பேச ஆரம்பிச்சாங்க. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களுக்குப் பல குடும்பங்கள் குரலையே கடிதமாக அனுப்பின. எழுதத் தெரியாத அப்பத்தாவும் இன்னொருத்தர் கையை எதிர்பார்க்காமல் மகனோடு பேசினார்.

சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும், கணக்குப் போட்டால் சுமார் 86 மீட்டர்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் அமுங்காது. ஆனால் அந்தக் குழியில் காகிதத்தை அடைத்தால் மறுபடி பதியலாம்.

துபாயில் இருந்த அப்பா, அப்பத்தா பேசிய கேசட்டில் இரண்டையும் உடைத்துத்தான் வைத்திருந்தார். 1992-ல் நான் காகிதம் அடைத்து, அதன்மேல் 'ரோஜா' பாட்டுகளைப் பதிந்தேன். அப்பா திட்டவில்லை, அதுக்கப்புறம் அந்தக் கேசட்டைப் போடவும் இல்லை.

போன வாரம் அதைக் கணினியில் ஏற்றினேன். பாட்டெல்லாம் முடிந்த பிறகு, நாடாவின் கடைசியில் 40 நொடி மிச்சம் இருந்தது. "நேரத்துக்குச் சாப்பிடுப்பா" என்கிறார் அப்பத்தா. மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன்.